நான்காம் வேற்றுமையோடு ஒரு சண்டை

பரிணாம உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த முதல் மாதம், நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பை நெறியாளர் மறுநாளே திருப்பித் தந்துவிட்டார். பிழை திருத்தம் ஒன்றும் இல்லை. ஆறே ஆறு சிவப்பு வட்டங்கள். முதல் வட்டம் இந்த வாக்கியத்தின் நடுவில் விழுந்திருந்தது: ‘பறவைகளிடமிருந்து தப்புவதற்காக இந்தப் பூச்சி இலையின் நிறத்தைப் பெற்றது.’ ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு கேள்வி: ‘அதனிடம் யார் சொன்னார்?’

மற்ற ஐந்தும் அப்படித்தான். எட்டுவதற்காக, ஈர்ப்பதற்காக, தாங்குவதற்காக. நான் எந்த மொழியில் எழுதினாலும் யோசிப்பது தமிழில். அந்த ஆறு வட்டங்களையும் தமிழில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு வட்டம்தான் மிஞ்சியது: ‘ஆக’. பள்ளியில் நான்காம் வேற்றுமைச் சொல்லுருபு என்று மனப்பாடம் செய்தோமே, அதே ‘ஆக’. அதை விட்டுவிட்டு உயிரினங்களைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதிப் பாருங்கள். நாக்கில் கல் கட்டியதுபோல் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அதே நான்காம் வேற்றுமைக்கு இலக்கணம் சொல்லும் பொருள்களின் வரிசையில் ‘பொருட்டு’ என்ற ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே ‘அதுவாதல்’ என்றும் ஒன்று இருக்கிறது. கூலிக்கு வேலை செய்தான் என்றால் பொருட்டு. குண்டலத்திற்குப் பொன் என்றால் அதுவாதல். பொன்தான் குண்டலமாக மாறுகிறது. எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவது. ஒன்று இன்னொன்றாக ஆகிறது. ஆவதற்கு முன்னால் அதன் மனத்தில் எந்தக் குண்டலமும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். பழக எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

‘இயற்கைத் தேர்வு’ என்ற நம் சொல்லும் இந்த விஷயத்தில் உதவாது. தமிழில் தேர்வு என்றால் பரீட்சையும்தான். பள்ளியில் அந்தப் பாடத்தை முதன்முதலில் கேட்டபோது, இயற்கை என்ற கண்டிப்பான ஆசிரியை கேள்வித்தாளோடு நிற்பதாகவும், ஒட்டகச்சிவிங்கி நன்றாகப் படித்துத் தேறிவிட்டதாகவும்தான் எனக்குத் தோன்றியது. ‘தக்கன பிழைக்கும்’ என்ற தொடரும் அதற்கு ஒத்து ஊதியது. அது டார்வினின் சொந்தச் சொல்கூட இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கியது. டார்வின் தன் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல்தான், அதை ஏற்றுக்கொண்டார். இந்தப் பரீட்சையில் கேள்வித்தாள் கிடையாது, திருத்துபவர் கிடையாது, மாணவருக்குத் தான் எழுதிக்கொண்டிருப்பதே தெரியாது. அதைவிட முக்கியம், நன்றாக எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் தோற்றுப்போகிறார்கள்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு முதல் பருவத்தில் கிடைத்த அடி. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உயிரியலுக்கு நான் ஓடிவந்ததே கணிதத்திடமிருந்து தப்பிக்கத்தான். மேற்படிப்பில் முதலில் வந்து நின்ற பாடம் மக்கள்தொகை மரபியல், அதாவது கணிதம். இந்தத் துறையில் வேறு வழியும் இல்லை. தரவின் சிதறலை அளக்கப் புள்ளியியல் மாணவர் ஒவ்வொருவரும் இன்று கணக்கிடும் ‘வேரியன்ஸ்’ என்ற சொல்லே, உறவினர்கள் ஏன் ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள் என்று ரொனால்ட் ஃபிஷர் 1918இல் எழுதிய கட்டுரையில் பிறந்ததுதான். அந்தக் கட்டுரையை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன், பக்கங்களைப் புரட்டினேன்.

ஆனால் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனின் கணக்கு புரிந்தது. 1927இல் அவர் கேட்டது எளிய கேள்வி. ஒரு பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு உயிரிக்கு நல்ல சடுதிமாற்றம் ஒன்று வாய்க்கிறது. அது கூட்டம் முழுவதும் பரவும் வாய்ப்பு எவ்வளவு? விடை, அந்த மாற்றம் தரும் அனுகூலத்தின் ஏறத்தாழ இரு மடங்கு. மற்றவர்களைவிட ஒரு விழுக்காடு கூடுதலாகச் சந்ததி தருகிறது என்றால், அது நிலைபெறும் வாய்ப்பு இரண்டு விழுக்காடு. மீதித் தொண்ணூற்றெட்டு விழுக்காட்டில் அந்த நல்ல மாற்றம் தடம் தெரியாமல் அழிந்துவிடும். தீயதாக இருந்ததால் அல்ல. அதைச் சுமந்த உயிரி முட்டையிடும் முன்பே யார் காலிலோ மிதிபட்டதால்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகை. தூங்கினேன். ஆனால் மறுநாள் காலை, அதுவரை பார்த்த இயற்கை ஆவணப்படங்கள் எல்லாவற்றின் மேலும் ஒரு சின்னக் கோபம் இருந்தது.

அதற்கடுத்த வாரம் கிமுரா. மொட்டூ கிமுரா 1968இல் முன்வைத்த நடுநிலைக் கோட்பாட்டின் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கூட்டத்தில் N உயிரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள், அதாவது நகல்கள். ஆக மொத்தம் 2N படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு தலைமுறையில் சடுதிமாற்றம் நேரும் வீதம் μ. எனவே தலைமுறைக்கு 2Nμ புது மாற்றங்கள். அவை நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்றால், ஒவ்வொன்றும் கடைசியில் கூட்டம் முழுவதையும் பிடிக்கும் வாய்ப்பு 2N-இல் ஒன்று. பெருக்கினால் 2N மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது μ மட்டும். கூட்டம் நூறு பேரானாலும் நூறு கோடியானாலும் நடுநிலை மாற்றங்கள் சேரும் வேகம் ஒன்றே. டி.என்.ஏ.யைக் கடிகாரமாக வைத்து இரண்டு உயிரினங்கள் எப்போது பிரிந்தன என்று கணிக்க முயல்வதற்கு இந்த அடிபடுதலே கால்கோள். கரும்பலகையில் ஆசிரியர் அந்த 2N-களின் குறுக்கே கோடு இழுத்தபோது வகுப்பில் யாரோ ‘அடேயப்பா’ என்றார்கள். நானாகவும் இருக்கலாம்.

ஒரு மரபணு வடிவம் வெறும் தற்செயலால் கூட்டத்தில் பெருகுவதையும் மறைவதையும் ஆங்கிலத்தில் ஜெனடிக் ட்ரிஃப்ட் என்கிறார்கள். நான் தற்செயல் நகர்வு என்று சொல்லிக்கொள்வேன். தாளில் பார்த்ததைக் குப்பிகளில் காட்டியவர் பீட்டர் பூரி. 1956இல் வெளியான அவரது சோதனையில் 107 தனித்தனிப் பழ ஈக் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் தலைமுறைதோறும் எட்டு ஆண், எட்டுப் பெண், அவ்வளவே. கண்ணின் நிறத்தை மாற்றும் ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்கள் எல்லாக் கூட்டங்களிலும் சரிபாதியாகத் தொடங்கின. பத்தொன்பது தலைமுறை கழித்து அவற்றில் ஒன்றை மட்டும் எண்ணினால், 30 கூட்டங்களில் அந்த வடிவம் முற்றிலும் காணாமல் போயிருந்தது. 28 கூட்டங்களில் அது மட்டுமே எஞ்சியிருந்தது. அந்த 28இல் ஒன்றை மட்டும் உங்கள் கையில் கொடுத்து, ‘இந்த ஈக்களுக்கெல்லாம் ஏன் இந்த நிறக் கண்?’ என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பேன். நல்ல காரணமாகவே இருந்திருக்கும்.

சொல்லவும் சொன்னேன். அதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த கதை.

என் ஆய்வும் பழ ஈக்களில்தான். கேள்வி புதியதன்று: பசியைத் தாங்கும் ஈக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தால் அவற்றின் உடலில் வேறு என்னென்ன மாறும்? நான்கு கூட்டங்களுக்குப் பட்டினி. நான்கு கூட்டங்கள் ஒப்பீட்டுக்கு, வழக்கம்போல் உண்டு வாழ. பட்டினி என்றால் உணவில்லாத, ஈரமான அகார் என்ற கடற்பாசிக் கூழ் மட்டும் உள்ள குப்பி. பெரும்பாலானவை மடியும் வரை காத்திருந்து, மிஞ்சியவற்றை உணவுக்கு மாற்றி முட்டையிட விடவேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கிறது. செய்யவும் அப்படித்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது, அதுவும் கொஞ்சம் உறுத்தியது.

இந்த வேலையின் அன்றாடத்தை யாரும் விவரிப்பதில்லை. 25 பாகை வெப்பத்தில் முட்டை ஈயாக ஏறத்தாழ பத்து நாள். அந்தப் பத்து நாள் என்பது என் திருவிழாக்களையும் காய்ச்சல்களையும் அறியாது. கன்னி ஈக்கள் வேண்டுமென்றால், கூட்டிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண்களைப் பிரித்தாக வேண்டும்; அந்த எட்டு மணி நேரம் எப்போதும் அதிகாலையில்தான் முடியும். கரியமில வாயுவைச் செலுத்தி மயக்கி, நுண்நோக்கியின் கீழ் ஓவியத் தூரிகையால் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் தள்ளவேண்டும். ஆய்வகம் முழுக்க ஈஸ்டும் சோளமாவும் வெல்லப்பாகும் கலந்த ஒரு வாடை. அது சட்டையில் ஏறும், தலைமுடியில் ஏறும். ஆய்வகத்துக்கு வெளியேயும் ஈக்கள் உங்களை விரும்பிப் பின்தொடரும் வாழ்க்கை அது. நான்கைந்து மாதத்தில் கண் ஒரு வேகத்துக்குப் பழகிவிடுகிறது. பார்த்தவுடன் ஆண், பெண். அதற்குப் பிறகு மனம் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் மனம் கதை கட்டுகிறது.

பட்டினிக் கூட்டங்களில் எதிர்பார்த்தது நடந்தது. தலைமுறைகள் ஏற ஏற ஈக்கள் கொழுத்தன, புழுப் பருவம் நீண்டது, நான்கு கூட்டங்களும் ஒரே திசையில் நகர்ந்தன. முன்னோடிகள் பலர் கண்டதுதான். எனக்கு நிம்மதி, அவ்வளவே. என்னைக் கவர்ந்தது ஒப்பீட்டுக் கூட்டங்களில் மூன்றாவது. முப்பதாவது தலைமுறையில் மார்பின் பக்கவாட்டில் இருக்கும் முள்மயிர்களை எண்ணினேன். மற்ற மூன்றிலும் சராசரி ஏறக்குறைய ஒரே அளவு. இந்தக் கூட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு மயிர் குறைவு. மறுபடி எண்ணினேன். நண்பரிடம் குப்பியின் பெயரை மறைத்துக் கொடுத்து எண்ணச் சொன்னேன். வித்தியாசம் உண்மை. புள்ளியியல் சோதனையும் ஆமாம் என்றது.

கதை இரண்டு நாளில் தயார். முள்மயிர் தொடுஉணர்வுக்கான உறுப்பு. குப்பிக்குள் எதிரி இல்லை, காற்று இல்லை, உணவு காலடியில். உணர வேண்டியது எதுவும் இல்லாத உலகில் உணர்மயிருக்கு என்ன வேலை? அதை வளர்க்கும் ஆற்றலை முட்டைக்குத் திருப்பி விடுவதற்காக, ஆம், அதற்காக, மயிர்கள் குறைகின்றன. குகை மீன்கள் கண்ணை இழந்ததை மேற்கோளாகக் காட்டிப் பதினான்கு படங்களோடு ஆய்வகக் கூட்டத்தில் பேசினேன். கடைசிப் படத்தில் ஒரு வரைபடமும் மேல்நோக்கிய அம்புக்குறியும்.

நெறியாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ‘எத்தனை கூட்டங்களில் குறைந்தது?’ என்றார்.

‘ஒன்றில்.’

‘மற்ற மூன்றும் வேறு உலகத்திலா இருந்தன?’

நான் ஏதோ தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, ‘குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள்’ என்றார்.

அந்தக் குறிப்பேடு தமிழில் எழுதியது. அன்றாடம் நடந்ததை அவசரமாகக் கிறுக்கிவைக்கும் இடம் அது. யாரும் வாசிக்கப்போவதில்லை என்ற துணிச்சலில் புலம்பலும் கலந்திருக்கும். மூன்றாவது ஒப்பீட்டுக் கூட்டம், பதினோராம் தலைமுறை. ‘குப்பியில் பூஞ்சை. உணவு பச்சையாகிவிட்டது. மிஞ்சியவை 12. இவற்றை வைத்தே தொடர்கிறேன். தலைவலி.’

பன்னிரண்டு ஈக்கள். வழக்கமாகப் பல நூறு பெற்றோர் இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு. அந்தக் கூட்டத்தில் இருந்த மரபணு வகைகளெல்லாம் அந்தப் பன்னிரண்டின் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குள் நுழைய முடியும். எவை பூஞ்சையிலிருந்து தப்பினவோ அவற்றின் முள்மயிர் எண்ணிக்கையே கூட்டத்தின் எண்ணிக்கை. பூரியின் பதினாறைவிட நாலு குறைவு. நான் படித்து, தேர்வெழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்த பாடம் என் குப்பியிலேயே, என் கையெழுத்திலேயே கிடந்தது. அதைத் தாண்டித்தான் குகை மீன்கள் வரை போயிருந்தேன்.

பூஞ்சையை எதிர்க்கும் ஈக்கள்தான் தப்பின, அதனோடு மயிர்க் குறைவும் ஒட்டி வந்தது என்றுகூடச் சொல்லலாமே என்று உங்களில் ஒருவர் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அன்று மாலையே அதையும் ஒரு கதையாக்கத் தொடங்கிவிட்டேன். நல்லவேளை, அப்போது பேச யாரும் இல்லை.

இந்த நோய்க்குப் பெயர் வைத்து விளாசியவர்கள் ஸ்டீஃபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவோண்டினும். 1979 கட்டுரையில் வெனிஸின் புனித மார்க் தேவாலயத்தை எடுத்துக்கொண்டார்கள். குவிமாடத்தை வளைவுகள்மேல் ஏற்றும்போது மூலைகளில் முக்கோண இடைவெளிகள் தாமாக உருவாகின்றன. அவற்றில் அழகான ஓவியங்கள் இருக்கின்றன. ஓவியத்தைப் பார்த்துவிட்டு, ‘இந்த ஓவியங்களை வைக்கத்தான் தேவாலயத்தையே இப்படிக் கட்டினார்கள்’ என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம்; ஆனால் உயிரினங்களின் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்து அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அது மூலைமுக்கோணமா, வேறு கட்டடக்கலைப் பெயரா என்று பின்னால் ஒரு தனி வழக்கே நடந்தது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. கட்டுரையின் தொனி கொஞ்சம் கூடுதலான கெக்கலிப்பு என்றும் நினைக்கிறேன். ஆனால் என் மேசையின் மேல் அந்த ஆண்டு முழுவதும் ஒட்டியிருந்தது அதன் முதல் பக்கம்தான்.

மதம் மாறியவர்கள்போல் இரண்டாம் ஆண்டில் நான் மறுகோடிக்குப் போனேன். யார் எந்தத் தகவமைப்பைப் பற்றிப் பேசினாலும், ‘அது தற்செயலாக இருக்கலாமே’ என்பேன். கூட்டங்களில் நான் கை தூக்கினாலே சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். முழுமைத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது; நான்கு பேராசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்பார்கள். அங்கேயும் அதே பாட்டைப் பாடினேன். அவர்களில் ஒருவர், பறவைகளைப் பல ஆண்டுகள் காட்டில் பின்தொடர்ந்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: ‘தற்செயல் என்பதும் ஒரு கூற்றுதானே? அதற்கு உங்களிடம் என்ன சான்று?’

என்னிடம் இல்லை. ‘ஆக’வை எழுத அஞ்சியவர், ‘சும்மா’வை எழுத அஞ்சவில்லை. அதற்கும் உழைத்தாக வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

தேர்வில் தேறினேன், ஆனால் கூடுதல் வாசிப்புக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதில்தான் கிராண்ட் தம்பதியரை ஒழுங்காக வாசித்தேன். பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் கலாபகோஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்ற சின்னத் தீவுக்கு ஆண்டுதோறும் போய், குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்தவர்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, கடினமான பெரிய விதைகள் மட்டும் மிஞ்சின. நடுத்தரத் தரைக்குருவிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மாண்டன. மிஞ்சியவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்தது. அவற்றின் குஞ்சுகளுக்கும் அப்படியே. இதோடு நின்றிருந்தால் நானே ‘ஒரு தீவு, ஒரு வறட்சி’ என்று கை தூக்கியிருப்பேன். ஆனால் அவர்கள் நிற்கவில்லை. 1982–83 எல் நினோவில் மழை கொட்டி, சின்ன விதைகள் பெருகியபின், தேர்வின் திசை தலைகீழாகத் திரும்பியதையும் அளந்தார்கள். விதையை எண்ணினார்கள், அலகு மரபுவழி வருகிறதா என்று பார்த்தார்கள், யார் யாருடைய குஞ்சு என்று வைத்திருந்தார்கள். அரை மில்லிமீட்டருக்கு அத்தனை கணக்கு.

அந்துப்பூச்சிக்காரர் மைக்கேல் மஜெரஸ் இன்னொருவர். புகைபடிந்த மரங்களில் கரிய அந்துப்பூச்சிகள் பெருகிய கதை எல்லாப் பாடநூலிலும் உண்டு. 1950களில் செய்த சோதனைகளின் முறையில் குறைகள் உண்டு என்று பலர் வாதாடினார்கள். மஜெரஸ் 2001 தொடங்கி ஏழு ஆண்டுகள் தன் தோட்டத்திலேயே 4,864 அந்துப்பூச்சிகளை விட்டு, பறவைகள் எவற்றைத் தின்கின்றன என்று பார்த்தார். சுத்தமான காற்றில் கரியவையே அதிகம் இரையாயின. எழுதி வெளியிடும் முன் 2009இல் இறந்துபோனார். சக ஆய்வாளர்கள் நால்வர் அவருடைய தரவுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்டார்கள். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக வரும் செய்தியை மறுபடி நிறுவ ஏழு ஆண்டுகள். ‘பறவை தின்றது, அதனால் குறைந்தது’ என்று எழுதும் உரிமையை இப்படித்தான் சம்பாதிக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் படித்தபின் பொறாமை வந்தது உண்மைதான். ஆனால் பெரிய பொறாமை ரிச்சர்ட் லென்ஸ்கியின் மேல். 1988 பிப்ரவரி 24 அன்று அவர் ஒரே பாக்டீரியாவிலிருந்து பன்னிரண்டு கூட்டங்களைத் தொடங்கினார். தினமும் நூறில் ஒரு பங்கைப் புதுக் குடுவைக்கு மாற்றவேண்டும். அதில் அவை நாளொன்றுக்கு ஆறு, ஏழு தலைமுறை பெருகும். ஐந்நூறு தலைமுறைக்கு ஒருமுறை ஒரு மாதிரியை உறையவைத்துவிடுவார்கள். உறைந்தவை சாவதில்லை. வேண்டும்போது உருக்கினால் கொள்ளுப்பாட்டி எழுந்து வந்து கொள்ளுப்பேத்தியோடு போட்டி போடுவார். முப்பத்தோராயிரம் தலைமுறைக்குப் பிறகு பன்னிரண்டில் ஒரு கூட்டம் மட்டும், குடுவையில் எப்போதும் இருந்தும் யாரும் தொடாத சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உண்ணக் கற்றுக்கொண்டது. ‘கற்றுக்கொண்டது.’ பாருங்கள், விட்டால் எழுதிவிடுகிறேன். உண்ணும் திறன் தோன்றியது.

ஏன் அந்த ஒன்று மட்டும்? உறைபெட்டியைத் திறந்து அந்தக் கூட்டத்தின் பழைய தலைமுறைகளிலிருந்து வரலாற்றை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் தலைமுறைக்குப் பிந்தையவற்றிலிருந்து தொடங்கினால் சில முறை அந்தத் திறன் திரும்பத் தோன்றியது. அதற்கு முந்தையவற்றில் தோன்றவில்லை. இடையில் ஏதோ ஒரு மாற்றம் வழியைத் திறந்து வைத்திருக்கிறது என்பது 2008இல் அவர்கள் தந்த விளக்கம். 2016இல் வேறு ஆய்வாளர்கள் சிட்ரேட்டை மட்டும் நம்பி வாழும் நெருக்கடியில் வைத்தபோது, அதே திறன் நூறு தலைமுறைக்குள் வந்துவிட்டது. அப்படியானால் அது அரிய தற்செயலா, சூழல் கேட்டால் வந்துவிடும் சாதாரணமா? வாதம் முடியவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது. முடியாமல் இருப்பது அதைவிடப் பிடித்திருக்கிறது.

பழ ஈயை அப்படி எளிதாக உறையவைத்து எழுப்ப முடியாது. என் பதினோராம் தலைமுறைக்குத் திரும்பிப் போக உறைபெட்டி இல்லை, அந்தக் கிறுக்கல் மட்டும்தான் இருந்தது.

மீதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். மூன்றாம் ஆண்டின் பெரும்பகுதி கணினித் திரையில் போயிற்று. பரிணாம மரங்களை வரையும் நிரல்கள் நாள்கணக்கில் ஓடும். ஓடி முடிந்ததும் எல்லா எண்களும் போதாது, இன்னும் ஓடவேண்டும் என்று தெரியவரும். ஜோசஃப் ஃபெல்சன்ஸ்டைன் 1985இல் எடுத்துக்காட்டிய ஒரு பிழையை நானும் ஒருமுறை செய்தேன்: அறுபது இனங்களை ஒப்பிட்டு, அறுபது சான்றுகள் என்று எண்ணிக்கொண்டேன். அந்த அறுபதில் நாற்பது ஒரே மூதாதையின் பிள்ளைகள். ஒரே வீட்டின் நாற்பது பேரிடம் கேட்டுவிட்டு ஊரே சொல்கிறது என்பதுபோல. திருத்த ஒரு மாதம்.

மரம் என்று சொன்னதும் உறவினர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?’ இதை என்னிடம் கேட்காத மாமா இல்லை. முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு ஒரு விடை வைத்துக்கொண்டேன்: ‘மாமா, நானும் பெரியப்பா மகனும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். நான் பிறந்த பிறகும் அவன் ஏன் இன்னும் இருக்கிறான் என்று நீங்கள் கேட்டதில்லையே?’ சிம்பன்சியும் நாமும் பங்காளிகள். பாகம் பிரிந்து சுமார் 60–70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மாமா சிரிப்பார். நம்பினாரா என்பது வேறு விஷயம். ‘சரி, எதற்காக முடி உதிர்ந்தது நமக்கு?’ என்று அடுத்த கேள்வி வரும். எதற்காக! நான் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்.

ஆய்வேட்டில் மூன்றாவது ஒப்பீட்டுக் கூட்டம் ஒரு பத்தியாக வருகிறது. அந்தப் பத்திக்காகத் தனியே ஒரு சோதனை செய்தேன். நெறியாளர் கேட்கவில்லை, நானே செய்தேன். நல்ல நிலையில் இருந்த ஒரு கூட்டத்திலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாக ஈக்களை எடுத்து இருபது சின்னக் கூட்டங்கள் தொடங்கி, பூஞ்சை இல்லாமல் வளர்த்து, முள்மயிர்களை எண்ணினேன். சிலவற்றில் கூடியது, சிலவற்றில் குறைந்தது, பலவற்றில் அப்படியே. மூன்றாவது கூட்டத்தின் அளவுக்குக் குறைந்தவை இரண்டு இருந்தன. அதாவது தற்செயல் மட்டுமே போதும், வேறு காரணம் கட்டாயம் இல்லை. வேறு காரணம் இல்லவே இல்லை என்று இது நிறுவாது, அதையும் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அந்தப் பத்தியைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நாலு மாத வேலை.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஈக்களைப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரிடம் ஒப்படைத்தேன். எட்டுக் கூட்டங்கள், தட்டு தட்டாகக் குப்பிகள், பஞ்சு அடைப்புகள், என் ஐந்து குறிப்பேடுகள். கூர்மையான பையன். இரண்டாம் நாளே நுண்நோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, ‘இந்த மூன்றாவதில் மயிர் குறைவாக இருக்கிறதே, கவனித்தீர்களா? இதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன்’ என்றார். கண்ணில் அந்த ஒளி. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒளி.

முதல் குறிப்பேட்டை எடுத்துப் பதினோராம் தலைமுறையின் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார்.

‘அவ்வளவுதானா?’

‘நானும் அப்படித்தான் கேட்டேன்’ என்று சொல்லிவிட்டு, அன்றைய குப்பிகளை மாற்ற உட்கார்ந்தோம்.